கார்டு பேமென்ட் மறுக்கப்பட்டால்: காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

கார்டு மறுக்கப்பட்டதும் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான்: உடனே இன்னொரு தடவை போட்டுப் பார்ப்பது. கடையில் என்றால் பின்னால் வரிசை நிற்கிறது, கூச்சமாக இருக்கிறது. ஆன்லைனில் என்றால் டிக்கெட் கைநழுவிப் போய்விடுமோ என்று பதற்றம். அந்த இரண்டாவது முயற்சிக்கு முன்னால் ஒரே ஒரு நிமிடம் நில்லுங்கள் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

போன வருடம் ஒரு ராத்திரி சித்தி போன் செய்தார். விமான டிக்கெட் எடுக்கும் தளத்தில் கார்டு போகவே இல்லை.

"ஏழு தடவை போட்டுட்டேன்டா. பணம் எல்லாம் இருக்கு. ஏன்தான் போகமாட்டேங்குதோ."

"சித்தி, இனிமே போடாதீங்க. பேங்க் ஆப்பைத் திறந்து கார்டு செட்டிங்ஸ்ல என்ன இருக்குன்னு சொல்லுங்க."

வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைந்திருந்தது. தளம் பார்ப்பதற்கு உள்ளூர்த் தளம் மாதிரி இருந்தாலும், பணத்தை வசூலித்த நிறுவனத்தின் கணக்கு வேறொரு நாட்டில் இருந்தது. சுவிட்சைப் போட்டோம். எட்டாவது முயற்சியும் மறுக்கப்பட்டது. இந்தத் தடவை காரணம் வேறு. அரை மணி நேரத்தில் ஏழு தோல்விகளைப் பார்த்த வங்கியின் மோசடித் தடுப்பு அமைப்பு, கார்டையே நிறுத்தி வைத்துவிட்டது. ஒரு நிமிடத்தில் முடிய வேண்டிய வேலை மறுநாள் காலை வரை இழுத்தது. அதற்குள் டிக்கெட் விலையும் ஏறிவிட்டது.

கார்டு நம்பர் திருடியவர்களும் இப்படித்தான் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பார்கள். வங்கியின் கம்ப்யூட்டருக்கு அவர்களுக்கும் சித்திக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் மறுப்பு வந்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, மறுத்தது யார் என்பது. அது தெரிந்துவிட்டால் ஏன் என்பது பாதி தெரிந்த மாதிரி.

அந்த ஒன்றிரண்டு விநாடிகளில் என்ன நடக்கிறது

கார்டைத் தட்டியதும், அல்லது 'பணம் செலுத்து' பட்டனை அழுத்தியதும், ஒரு கேள்வி கிளம்புகிறது: "இந்தக் கார்டில் இவ்வளவு தொகை எடுத்துக்கொள்ளலாமா?" அந்தக் கேள்வி முதலில் கடையின் மெஷினிலிருந்தோ பேமென்ட் கேட்வேயிலிருந்தோ (ஆன்லைன் கடைக்காகக் கார்டுப் பணத்தை வாங்கிக் கொடுக்கும் சேவை) கடையின் வங்கிக்குப் போகும். அங்கிருந்து விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற நெட்வொர்க்குக்கு. கார்டு நம்பரின் முதல் இலக்கங்களைப் பார்த்து, அது எந்த வங்கி கொடுத்த கார்டு என்று நெட்வொர்க் கண்டுபிடித்து, அந்த வங்கிக்குக் கேள்வியை அனுப்பும். பதில் அதே வழியில் திரும்பி வரும்.

இந்தக் கேள்வி-பதிலுக்கு ஐஎஸ்ஓ 8583 என்றொரு சர்வதேசத் தரமுறை இருக்கிறது. முதல் பதிப்பு 1987-இல் வந்தது. இன்றும் உலகத்தின் பெரும்பகுதி கார்டுப் போக்குவரத்து இதையோ இதன் வழிவந்ததையோ வைத்துத்தான் ஓடுகிறது. அதில் 39-ஆவது கட்டத்தில் இரண்டே எழுத்தில் பதில் இருக்கும். 00 என்றால் சரி. வேறு எது வந்தாலும் பெரும்பாலும் ஏதோ ஒரு வகையில் 'இல்லை' என்றுதான் அர்த்தம். கடையின் திரையில் நீங்கள் பார்க்கும் வாசகம், அந்த இரண்டு எழுத்தை வழியிலுள்ள யாரோ ஒருவர் தன் சொல்லில் மாற்றி எழுதியது. பல தளங்கள் எல்லா மறுப்புக்கும் ஒரே வாசகத்தைக் காட்டுகின்றன. அதனால் திரையில் இருப்பதை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

படி 1: மறுத்தது யார்?

வங்கியின் ஆப்பைத் திறங்கள். குறுஞ்செய்திகளையும் பாருங்கள். மூன்றில் ஒன்று தெரியும்.

முதலாவது, மறுக்கப்பட்ட பரிவர்த்தனை அங்கே பதிவாகியிருக்கும், அல்லது மறுப்புச் செய்தி வந்திருக்கும். அப்படியானால் கேள்வி வங்கி வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. மறுத்தது உங்கள் வங்கி. சரிசெய்ய வேண்டியதும் பெரும்பாலும் உங்கள் பக்கத்தில்தான்.

இரண்டாவது, எந்தச் சுவடும் இருக்காது. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. கேள்வி வங்கிக்கு வரவே இல்லை. நடுவிலேயே யாரோ நிறுத்திவிட்டார்கள், அல்லது இணைப்பு அறுந்துவிட்டது. கடையின் மோசடி வடிகட்டி, கேட்வேயின் கோளாறு, தப்பாக அடித்த கார்டு நம்பர் என்று எதுவாகவும் இருக்கலாம். இந்த நிலையில் வங்கியைக் கூப்பிட்டால் "எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது" என்றுதான் சொல்வார்கள். அவர்கள் சொல்வது பொய் இல்லை, அவர்கள் எதையும் பார்க்கவில்லை. (எல்லா வங்கி ஆப்பும் மறுப்புகளைக் காட்டாது. உங்கள் ஆப் காட்டாத வகை என்றால், கஸ்டமர் கேரில் "இத்தனை மணிக்கு இந்தத் தொகைக்கு ஏதாவது முயற்சி வந்ததா?" என்று மட்டும் கேளுங்கள்.)

மூன்றாவது, வங்கியில் பணம் கழிந்ததாகக் காட்டும், கடையில் தோல்வி என்று காட்டும். இதற்குத் தனியாகப் பின்னால் வருகிறேன். இப்போதைக்கு ஒன்று மட்டும்: இந்த நிலையில் திரும்பப் போடவே போடாதீர்கள்.

படி 2: கிடைத்த குறியீட்டைப் படியுங்கள்

கடை ரசீதிலோ திரையிலோ இரண்டு இலக்க எண் இருந்தால் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி வருபவை சிலதான்.

51 என்றால் இருப்பு போதவில்லை. 54 காலாவதியான கார்டு, அல்லது காலாவதித் தேதியைத் தப்பாக அடித்திருக்கிறீர்கள். 55 தப்பான பின் (PIN, கார்டின் ரகசிய எண்). 75 தப்பான பின்னை அளவுக்கு மேல் போட்டாயிற்று. 61 தொகை வரம்பைத் தாண்டியது, 65 எண்ணிக்கை வரம்பைத் தாண்டியது. 57 என்றால் அந்த வகைப் பரிவர்த்தனைக்கு உங்கள் கார்டுக்கு அனுமதி இல்லை. ஆன்லைனோ வெளிநாடோ அணைந்திருக்கும்போது இது வரலாம். 14 இல்லாத கார்டு நம்பர். 41, 43 இரண்டும் தொலைந்த கார்டு, திருடப்பட்ட கார்டு. பழைய கார்டை பிளாக் செய்துவிட்டு மறந்துபோய் அதையே போட்டால் இப்படி வரும். 91 என்றால் உங்கள் வங்கியின் கம்ப்யூட்டரே பதில் சொல்லவில்லை, 96 அமைப்புக் கோளாறு. இந்தக் கடைசி இரண்டில் மட்டும் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப முயல்வது சரியான வைத்தியம்.

அப்புறம் 05. எல்லாரையும் குழப்புவது இதுதான். "ஏற்க வேண்டாம்" என்று மட்டும் அர்த்தம், காரணம் கிடையாது. வங்கிக்குக் காரணம் தெரியும், கடைக்குச் சொல்ல விரும்பவில்லை, அவ்வளவுதான். மோசடிச் சந்தேகமாக இருக்கலாம், கட்டாத பாக்கியால் கணக்கு நிறுத்தப்பட்டிருக்கலாம், சிவிவி (கார்டில் தனியாக அச்சிட்ட பாதுகாப்பு எண்) தப்பாக இருக்கலாம், சில வங்கிகள் இருப்புப் பற்றாக்குறைக்குக்கூட 05 அனுப்புகின்றன. 05 வந்தால் கடைக்காரரிடம் விளக்கம் கேட்டுப் பயனில்லை. அவருக்கு உங்களைவிட அதிகமாக எதுவும் தெரியாது, அவர்மேல் கோபப்படுவதிலும் நியாயமில்லை. பதில் வங்கியிடம் மட்டும்தான் இருக்கிறது.

படி 3: இருப்பும், கண்ணுக்குத் தெரியாத பிடித்தங்களும்

"பணம் இருக்கிறதே" என்று சொல்பவர்களில் நிறையப் பேருக்கு உண்மையாகவே பணம் இருக்கும். ஆனால் அதைச் செலவழிக்க முடியாது. கணக்கில் உள்ள தொகையும், எடுக்கக் கூடிய தொகையும் வேறு வேறு. வங்கி பார்ப்பது இரண்டாவதை.

கிரெடிட் கார்டை வைத்துப் பார்ப்போம். லிமிட் 1,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். இதுவரை 600 செலவழித்திருக்கிறீர்கள். மனக்கணக்கில் 400 மீதி. நேற்று ஓட்டலில் அறை எடுத்தபோது, "பணம் எடுக்கவில்லை, முன்பதிவுக்காக மட்டும்" என்று கார்டைத் தேய்த்தார்கள். அவர்கள் 300-க்கு ஒப்புதல் வாங்கிப் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஸ்டேட்மென்டில் அது செலவாக வராது, ஆனால் லிமிட்டிலிருந்து கழிந்துவிட்டது. இன்று 150-க்கு எதையாவது வாங்கினால் 51 வரும். செலவான 600, பிடித்த 300, மீதி 100 மட்டுமே.

ஓட்டல்கள், வாடகைக் கார் நிறுவனங்கள், ஆளில்லாத பெட்ரோல் பம்புகள் மூன்றிலும் இது வழக்கம். கடைசித் தொகை எவ்வளவு ஆகும் என்று அவர்களுக்கு முன்கூட்டித் தெரியாது, அதனால் அதிகமாகவே பிடித்து வைப்பார்கள். கடைசி பில் போட்டதும் மீதி தானாக விடுபட வேண்டும். ஆனால் கடையின் முறை, வங்கியின் முறை இரண்டையும் பொறுத்துச் சில நாள் ஆகும். ஓட்டல், கார் விஷயத்தில் ஒரு மாதம் வரைகூட நீளலாம். டெபிட் கார்டில் இப்படிப் பிடித்தால் அது உங்கள் சொந்தப் பணம், வேறு எதற்கும் பயன்படாமல் மாட்டிக்கொள்ளும். அதனால் முன்பதிவுக்கும் வாடகைக்கும் முடிந்தவரை கிரெடிட் கார்டையே கொடுங்கள் என்பது என் உறுதியான யோசனை.

சரி, இதைச் சரிசெய்வது எப்படி? ஆப்பில் 'நிலுவை' அல்லது 'பெண்டிங்' என்று ஒரு பகுதி இருக்கும். அங்கே பிடித்தங்கள் தெரியும். வேலை முடிந்த பிறகும் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தால், முதலில் பிடித்த கடையைக் கூப்பிட்டு ஒப்புதலை விடுவிக்கச் சொல்லுங்கள். கடை சொன்னால் வங்கி விடுவிக்கும். கடை சொல்லாமல் வங்கி மட்டும் விடுவிப்பது அபூர்வம்.

லிமிட் விஷயத்தில் இன்னும் ஒன்று. ஒரே கார்டுக்குப் பல தினசரி வரம்புகள் உண்டு: ஏடிஎம்முக்கு ஒன்று, கடையில் தேய்க்க ஒன்று, ஆன்லைனுக்கு ஒன்று, தட்டிச் செலுத்த ஒன்று. கணக்கில் எவ்வளவு இருந்தாலும் இவற்றில் ஒன்றைத் தாண்டினால் 61 வரும். பெரிய தொகை கட்டப் போகிறீர்கள் என்றால் அதற்கு முன்னாலேயே ஆப்பில் அந்த வரம்பை ஏற்றி, கட்டி முடித்ததும் இறக்கிவிடுங்கள். கிரெடிட் கார்டு பில்லை இன்றுதான் கட்டினீர்கள் என்றால், அந்தத் தொகை லிமிட்டில் திரும்ப ஏற ஒன்றிரண்டு நாள் ஆகலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

படி 4: ஆப்பில் இருக்கும் சுவிட்சுகள்

ஆன்லைன், வெளிநாடு, காண்டாக்ட்லெஸ் (தட்டிச் செலுத்துவது) என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சுவிட்ச். சில நாடுகளில் புதுக் கார்டு வரும்போதே இவற்றில் பல அணைந்த நிலையில்தான் வரும். புதுக் கார்டு வந்தவுடன் ஆன்லைனில் போட்டு மறுக்கப்பட்டால், வேறு எதையும் யோசிக்காமல் நேராக இங்கே வாருங்கள். கார்டை ஆக்டிவேட் செய்தாயிற்றா என்பதையும் பாருங்கள்.

சித்திக்கு நடந்தது மாதிரி, கடை எங்கே இருக்கிறது என்பதில் ஏமாந்துவிடுவது எளிது. தளத்தின் மொழியோ காட்டும் நாணயமோ இதைத் தீர்மானிப்பதில்லை. பணம் வாங்கும் நிறுவனத்தின் கணக்கு எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாட்டுப் பரிவர்த்தனை அது. மென்பொருள் சந்தா, விமான டிக்கெட், ஆன்லைன் விளையாட்டு மூன்றிலும் இது அடிக்கடி நடக்கும்.

சுவிட்சில் வராத இன்னொரு தடையும் உண்டு. ஒவ்வொரு கடைக்கும் அதன் தொழிலைச் சொல்லும் நான்கு இலக்க எண் ஒன்று கொடுத்திருப்பார்கள். 5812 உணவகம், 7995 சூதாட்டம், 6011 ஏடிஎம் பணம். சில வங்கிகள் 7995-ஐ முழுவதுமாகத் தடுத்து வைத்திருக்கும். அலுவலகம் கொடுத்த கார்டில் குறிப்பிட்ட எண்களுக்கு மட்டுமே அனுமதி இருக்கும். அப்படியானால் வங்கியைக் கேட்டுப் பயனில்லை, அலுவலகக் கணக்குப் பிரிவைத்தான் கேட்க வேண்டும்.

படி 5: அடித்த விவரங்கள்

பட்டனை அழுத்திய கணமே, சுற்றும் வட்டம் எதுவும் வராமல், கட்டம் சிவப்பாக மாறி "தவறான கார்டு எண்" என்று வந்தால், அது வங்கி சொன்னது இல்லை. உங்கள் பிரவுசரே கணக்குப் போட்டுச் சொன்னது. கார்டு எண்ணின் கடைசி இலக்கம் ஒரு சரிபார்ப்பு இலக்கம். ஐபிஎம்மில் வேலை பார்த்த ஹான்ஸ் பீட்டர் லூன் கண்டுபிடித்த முறை இது. காப்புரிமை கிடைத்தது 1960-இல்.

கணக்கு எளிது. வலது கோடியிலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக இரட்டிப்பாக்க வேண்டும், கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு அதற்கு அடுத்ததிலிருந்து. இரட்டித்தது 9-ஐத் தாண்டினால் 9-ஐக் கழிக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் 10-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். மென்பொருள்காரர்கள் சோதனைக்குப் பயன்படுத்தும் 4111 1111 1111 1111 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 4 இரட்டித்தால் 8. ஏழு ஒன்றுகள் இரட்டித்தால் ஏழு இரண்டுகள், 14. இரட்டிக்காத எட்டு ஒன்றுகள், 8. மொத்தம் 30. வகுபடுகிறது. ஏதாவது ஒரே ஒரு இலக்கத்தை மாற்றி அடித்தாலும் இந்தக் கூட்டல் கெட்டுவிடும். ஆகவே அந்தச் சிவப்பு வந்தால் கார்டை வெளிச்சத்தில் வைத்து நம்பரை நான்கு நான்காகப் படித்துப் பாருங்கள். 3, 8, 6, 0 இவைதான் தேய்ந்த கார்டில் அதிகம் ஏமாற்றுபவை.

நம்பர் சரியாக இருந்து மற்றது தப்பாக இருந்தால் பிரவுசருக்குத் தெரியாது. கேள்வி வங்கி வரை போய்த்தான் மறுப்பாகத் திரும்பும். காலாவதித் தேதியில் மாதம் முதலில், வருடம் பிறகு. கார்டில் அச்சிட்ட மாதத்தின் கடைசி நாள் வரை அது செல்லும். சிவிவி பின்பக்கம் மூன்று இலக்கம். அமெரிக்கன் எக்ஸ்பிரஸில் மட்டும் முன்பக்கம் நான்கு இலக்கம், அந்தக் கார்டின் நம்பரே 15 இலக்கம்தான். கார்டைப் புதுப்பித்தபோது நம்பர் அப்படியே இருந்தாலும் தேதியும் சிவிவியும் மாறியிருக்கும். பிரவுசர் சேமித்து வைத்த பழைய விவரம் தானாக நிரம்பி மறுப்பு வாங்குவது மிகச் சாதாரணமாக நடக்கிற ஒன்று. சேமித்ததை அழித்துவிட்டுக் கையால் அடியுங்கள்.

அமெரிக்கா, கனடா, பிரிட்டன் கார்டுகளில் முகவரிச் சரிபார்ப்பும் உண்டு. பில் முகவரியிலுள்ள வீட்டு எண்ணையும் அஞ்சல் எண்ணையும் வங்கியிடம் உள்ளதோடு ஒப்பிடுவார்கள். வீடு மாறிவிட்டு வங்கியில் முகவரியை மாற்றாமல் விட்டவர்களுக்கு இங்கே சிக்கல் வரும்.

படி 6: ஓடிபி வராதபோது

ஓடிபியோ, வங்கி ஆப்பில் 'ஒப்புதல் தருகிறீர்களா' என்ற கேள்வியோ வருவது 3-டி செக்யூர் என்ற முறையால். பணம் கேட்கும் கேள்விக்கு முன்னால் நடக்கும் தனிச் சோதனை இது. இங்கே தோற்றால் பணம் பற்றிய கேள்வி பெரும்பாலும் கிளம்பவே கிளம்பாது. அதனால் வங்கிக் கணக்கில் சுவடும் இருக்காது.

ஓடிபி வரவில்லை என்றால் வங்கியில் எந்த மொபைல் எண் பதிவாகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பழைய எண்ணாக இருக்கலாம். வெளிநாட்டில் இருந்தால் ரோமிங் இல்லாமல் குறுஞ்செய்தி வராது. திரும்பத் திரும்ப 'மறுபடி அனுப்பு' அழுத்தினால் பல ஓடிபிகள் தாமதமாக ஒன்றாக வரும், கடைசியாக அனுப்பியது மட்டுமே செல்லும். பக்கமே வெள்ளையாக நின்றுவிட்டால் விளம்பரத் தடுப்பான், விபிஎன் (நீங்கள் இருக்கும் இடத்தை மறைக்கும் இணைப்பு), பாப்-அப் தடுப்பு மூன்றையும் அணைத்துவிட்டு வேறு பிரவுசரில் முயலுங்கள். விபிஎன் இன்னொரு வகையிலும் கெடுக்கும்: கார்டு ஒரு நாடு, கம்ப்யூட்டர் இருப்பதாகத் தெரிவது வேறு நாடு என்றால் கடையின் மோசடி வடிகட்டி அங்கேயே தடுத்துவிடலாம். படி 1-இல் சொன்ன, வங்கியில் சுவடே இல்லாத மறுப்புகளில் இதுவும் ஒன்று.

படி 7: கடை மெஷினில்

தட்டினால் போகவில்லை என்றால் செருகுங்கள். தட்டிச் செலுத்துவதற்கு ஒரு தொகை வரம்பு உண்டு. அதோடு, தொடர்ந்து இத்தனை தடவை தட்டினால் ஒரு தடவை பின் போட்டாக வேண்டும் என்ற கணக்கும் பல கார்டுகளில் உண்டு. செருகிப் பின் போட்டதும் அந்தக் கணக்கு மறுபடி தொடங்கும்.

செருகியும் மெஷின் படிக்கவில்லை என்றால் சிப்பின் தங்க நிறப் பகுதியை மெல்லிய உலர்ந்த துணியால் துடையுங்கள். பின் இரண்டு தடவை தப்பினால் மூன்றாவது தடவை போடாமல் நிறுத்திக்கொள்ளுங்கள், நிறைய வங்கிகள் மூன்றோடு பூட்டிவிடும். ஆப்பில் பின்னை மாற்றிக்கொள்ளலாம். சில சிப் கார்டுகள் பழைய பின்னைத் தங்களுக்குள்ளேயே வைத்திருக்கும். ஏடிஎம்மில் ஒரு தடவை பயன்படுத்திய பிறகுதான் புதியது ஏறும்.

மெஷின் திரையில் மறுப்பு என்று வந்ததா, இணைப்பு இல்லை என்று வந்ததா என்பதையும் கவனியுங்கள். இணைப்பு இல்லை என்றால் கடைக்காரரிடம் வேறு மெஷின் இருக்கிறதா என்று கேளுங்கள்.

படி 8: மாதாமாதம் தானாகப் போகும் சந்தாக்கள்

நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது மறுக்கப்படுவது இது. கார்டு மாறியதுதான் முதல் காரணம். புதுக் கார்டின் விவரத்தைச் சந்தா நிறுவனங்களுக்குத் தானாகச் சொல்லும் சேவைகள் விசாவிடமும் மாஸ்டர்கார்டிடமும் இருக்கின்றன, ஆனால் எல்லா வங்கியும் எல்லாக் கடையும் அதில் சேரவில்லை. அதனால் ஒரு தளத்தில் தானாக மாறியிருக்கும், இன்னொன்றில் மாறியிருக்காது. புதுக் கார்டு வந்த அன்றே, பழைய கார்டின் கடைசி இரண்டு மாத ஸ்டேட்மென்டை எடுத்து, தானாகக் கழிந்த ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு தளத்திலும் போய் மாற்றிவிடுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை கழிபவற்றை மறந்துவிட வேண்டாம்.

சில நாடுகளில் தானியங்கிக் கட்டணத்துக்கு முன்கூட்டியே ஒப்புதல் பதிவு செய்தாக வேண்டும். சந்தா விலை ஏறி அந்த ஒப்புதலின் உச்சத் தொகையைத் தாண்டினால் மறுக்கப்படும். ஆப்பில் அந்தப் பதிவை ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியதுதான்.

சொந்தமாகக் கடையோ தளமோ நடத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. வாடிக்கையாளர் கார்டு மறுக்கப்பட்டால் தினமும் தானாக முயலும்படி விட்டுவிடாதீர்கள். விசா விதிகளில், மறுக்கப்பட்ட ஒரே பரிவர்த்தனையை 30 நாளில் 15 தடவைக்கு மேல் திரும்ப முயல்வது வரம்பு மீறல், அதற்குக் கட்டணம் உண்டு. 41, 43 மாதிரியான பதிலுக்கு ஒரு தடவைகூடத் திரும்ப முயலக் கூடாது. 51 வந்தால் சம்பள நாளுக்குப் பிறகு முயல்வது நல்ல பலன் தரும். வாடிக்கையாளருக்கு உடனே ஒரு செய்தி அனுப்புவது எல்லாவற்றையும்விட மேல்.

படி 9: வங்கியைக் கூப்பிடுவது

இவ்வளவும் பார்த்தும் விளங்கவில்லை, அல்லது 05 வந்தது, அல்லது கார்டு நிறுத்தப்பட்டது என்றால் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். எண்ணைக் கார்டின் பின்பக்கத்திலிருந்து எடுங்கள். இணையத்தில் தேடி வரும் எண்ணை நம்ப வேண்டாம், குறுஞ்செய்தியில் வரும் லிங்கைத் தொடவே வேண்டாம். "உங்கள் கார்டு நிறுத்தப்பட்டது, இங்கே அழுத்துங்கள்" என்று வரும் செய்திகள், கார்டு உண்மையாகவே மறுக்கப்பட்ட பதற்றத்தில் இருப்பவரைச் சுலபமாக மாட்டிவிடும். எந்த வங்கி ஊழியருக்கும் உங்கள் பின்னோ ஓடிபியோ தேவைப்படாது. கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

"கார்டு வேலை செய்யவில்லை" என்று சொன்னால் பொதுவான பதில்தான் வரும். தேதி, மணி, தொகை, கடையின் பெயர் நான்கையும் கையில் வைத்துக்கொண்டு இப்படிக் கேளுங்கள்: "இந்த நேரத்துக்கு இந்தத் தொகைக்கு ஒப்புதல் கேட்டு ஏதாவது வந்ததா? வந்திருந்தால் என்ன காரணத்துக்காக மறுத்தீர்கள்? மோசடித் தடை ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அதை எடுத்துவிட்டு, நான் இப்போது திரும்பப் போட்டால் ஏற்கும்படி செய்வீர்களா?" கடைசிக் கேள்வி முக்கியம். பல வங்கிகளில் தடையை எடுத்ததும், அதே கடைக்கு அதே தொகையைக் குறிப்பிட்ட நேரத்துக்கு அனுமதித்து வைக்க முடியும். முடிந்தால் போனில் இருக்கும்போதே போட்டுவிடுங்கள்.

நீங்கள் செய்யாத முயற்சிகளும் பட்டியலில் இருப்பதாக அவர்கள் சொன்னால், கார்டைத் திறக்கச் சொல்லாதீர்கள். அந்த நம்பர் யாரிடமோ போய்விட்டது. முழுவதுமாக முடக்கிவிட்டு வேறு நம்பரில் புதுக் கார்டு கேளுங்கள்.

படி 10: பணம் போயிற்று, ஆர்டர் விழவில்லை

வங்கி 'சரி' என்று சொன்னது, அந்தப் பதில் கடைக்குப் போய்ச் சேரும் வழியில் தொலைந்துவிட்டது. அல்லது வங்கி ஒப்புக்கொண்ட பிறகு கடையின் அமைப்பு, முகவரியோ சிவிவியோ பொருந்தவில்லை என்று ஆர்டரை நிராகரித்துவிட்டது. இரண்டிலும் நடந்திருப்பது பெரும்பாலும் ஒப்புதல் மட்டுமே; பணம் இன்னும் கடைக்குப் போகவில்லை, உங்கள் கணக்கில் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. கடையின் அமைப்பு ரத்துச் செய்தி அனுப்பினால் சீக்கிரமே விடுபடும். அனுப்பாவிட்டால் பிடித்தம் காலாவதியாகும் வரை சில நாள் காத்திருக்க வேண்டும்.

ஆப்பில் அந்த வரி 'பெண்டிங்' என்று இருக்கிறதா, முழுப் பரிவர்த்தனையாகப் பதிவாகிவிட்டதா என்று தினம் ஒரு தடவை பாருங்கள். பெண்டிங்காக இருக்கும்வரை வங்கியால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது, கடையைத்தான் கேட்க வேண்டும். கடையிடம் உங்கள் கார்டின் கடைசி நான்கு இலக்கத்தைச் சொல்லும்போது ஒரு விஷயம்: போன் வாலட்டில் கட்டியிருந்தால் கடைக்குப் போனது கார்டின் நம்பர் இல்லை, போனுக்கென்று கொடுக்கப்பட்ட மாற்று நம்பர். அதன் கடைசி நான்கு இலக்கம் வாலட்டின் கார்டு விவரத்தில் இருக்கும், அதைச் சொன்னால்தான் அவர்களால் தேட முடியும்.

முழுப் பரிவர்த்தனையாகப் பதிவாகி, பொருளும் வராமல், கடையும் பதில் சொல்லாவிட்டால், வங்கியில் எழுத்துமூலம் முறையீடு கொடுங்கள். தோல்வி என்று காட்டிய திரையின் படம், கடைக்கு அனுப்பிய மின்னஞ்சல், ஸ்டேட்மென்டில் அந்த வரி மூன்றையும் இணையுங்கள். முறையீட்டுக்குக் கால வரம்பு உண்டு, அது ஓடிக்கொண்டிருக்கும். கடை "பார்க்கிறோம், பார்க்கிறோம்" என்று இழுத்தால் ஒரு வாரத்துக்கு மேல் காத்திருக்காமல் கொடுத்துவிடுங்கள். அதற்குள் கடை பணத்தைத் திருப்பிவிட்டால் முறையீட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். முறையீட்டு எண்ணைக் கேட்டு வாங்கி, அந்தத் திரையின் படங்களோடு சேர்த்து ஒரே இடத்தில் வைத்திருங்கள். அடுத்த தடவை கூப்பிடும்போது எடுக்கும் ஆள் வேறொருவராக இருப்பார்.